பழைய எண் 154, புதிய எண் 13937

சென்னையில் வீடு தேடி அலைந்தவர்களுக்கு இது தெரிந்த கதை. வாசல் சுவரில் பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று என்று இரண்டும் இருக்கும். கூரியர் பையன் ஒன்றை வைத்துத் தேடுவான், தபால்காரர் மற்றதை வைத்துத் தேடுவார். எதிர்வீட்டுக்காரருக்கு இரண்டுமே தெரியாது. "டெய்லர் வீடு" என்று கேட்டால்தான் கை காட்டுவார். ஓர் ஆராய்ச்சிக் கட்டுரைக்கும் இதே கதி வரும் என்று மூன்று வாரத்துக்கு முன்பு எனக்குத் தெரியாது.

வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை எனக்கு. அங்கே வருகிற முனைவர் பட்ட ஆய்வாளர்களில் காசிமேட்டுத் தம்பி ஒருவர் இருக்கிறார். மீன் ஏலத்தில் யார் யாரிடம் வாங்குகிறார்கள், எந்தப் படகுக்கு யார் முன்பணம் கொடுக்கிறார்கள், ஐஸ் எங்கிருந்து வருகிறது என்பதையெல்லாம் புள்ளியும் கோடுமாக வரைந்து ஆராய்கிறார். வரைவதற்குப் பயன்படுத்துவது கெஃபி என்ற இலவச மென்பொருள். (எங்கள் நூலகத்தில் பாதிப் பேர் ஜெஃபி என்கிறார்கள். சண்டை இன்னும் தீரவில்லை.) ஆய்வுக் குழுக் கூட்டத்தில் ஒருவர், "இந்த மென்பொருளைப் பற்றிய கட்டுரைக்கு வெளியே என்ன மதிப்பு? இணையத்தில் எவ்வளவு கவனம் கிடைத்திருக்கிறது? ஒரு பக்கம் எழுதி இணையுங்கள்" என்று சொல்லிவிட்டார். தம்பி நேரே என் மேசைக்கு வந்து, "அரை மணி நேர வேலைதானேக்கா?" என்றார். நானும் யோசிக்காமல் ஆமாம் என்றேன்.

கட்டுரை சின்னதுதான். 2009-இல் மத்தியூ பாஸ்தியன், செபாஸ்தியன் ஹெய்மான், மத்தியூ ஜாகோமி மூவரும் எழுதியது. கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் நடந்த மாநாட்டுத் தொகுப்பில் 361, 362 என்று இரண்டே பக்கம். மாநாட்டின் பெயர் அப்போது 'வலைப்பதிவுகளும் சமூக ஊடகமும்'. பிற்பாடு வலைப்பதிவை எடுத்துவிட்டு வெறும் 'வலை' என்று வைத்துக்கொண்டார்கள்.

முதல் நாள் சாயங்காலம் நூலகத்தின் பழைய டெஸ்க்டாப்பில் உட்கார்ந்தோம். திட்டம் எளிது. கட்டுரையின் டிஓஐ எண்ணை, அதாவது அதன் நிரந்தர அடையாள எண்ணை, கொடுத்தால் கிராஸ்ரெஃப் நிறுவனத்தின் ஏபிஐ (நிரல்கள் கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் வாசல்) அந்தக் கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று சொல்லிவிடும். காசு கிடையாது, பதிவு கிடையாது, நம் மின்னஞ்சலை வேண்டுகோளோடு சேர்த்து அனுப்பினால் மரியாதையாக வரிசையில் நிறுத்துவார்கள். பைத்தானில் பத்து வரி. தம்பியின் மேற்கோள் கோப்பிலிருந்து எண்ணை எடுத்துப் போட்டு ஓட்டினேன். 404. அப்படி ஒன்று இல்லையாம்.

"இன்னாக்கா, பத்தாயிரம் பேருக்கு மேல சொன்ன கட்டுரைய இல்லன்றான்?"

எண்ணின் நடுவே வரும் சாய்கோட்டை ஏபிஐ தப்பாகப் புரிந்துகொள்கிறதோ என்று அதைச் சதவீதக் குறியீடாக மாற்றிப் பார்த்தேன். 404. காற்புள்ளி, இடைவெளி ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்ததா என்று பார்த்தேன். இல்லை. அதே எண்ணை உலாவியில் போட்டால் கட்டுரை திறக்கிறது. அன்றைக்கு அத்தோடு மூடிவிட்டு, மெட்ரோ பிடித்துக் காலடிப்பேட்டைக்குக் கிளம்பிவிட்டேன்.

மறுநாள்தான் உறைத்தது. டிஓஐ எண் எல்லாவற்றையும் ஒரே அலுவலகம் கொடுப்பதில்லை. பதிவு செய்யும் முகமைகள் பல. இதழ்க் கட்டுரைகளில் பெரும்பாலானவற்றைக் கிராஸ்ரெஃப் பதிவு செய்கிறது. தரவுத் தொகுப்புகள், களஞ்சியங்களில் ஏற்றிய பிரதிகள் போன்றவை பெரும்பாலும் டேட்டாசைட் என்ற இன்னொரு முகமையில் இருக்கும். ஓர் எண் எந்த முகமையைச் சேர்ந்தது என்று டிஓஐ தளத்திலேயே கேட்கலாம். முகவரியில் தளத்தின் பெயருக்கும் எண்ணுக்கும் நடுவே 'ஆர்ஏ' என்ற இரண்டெழுத்தைச் செருகினால் போதும். கேட்டேன். தம்பியிடம் இருந்த எண் 10.13140 என்று தொடங்கியது. அது ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளைப் பகிரும் ரிசர்ச்கேட் தளத்தின் முன்னொட்டு, டேட்டாசைட்டில் பதிவானது. கட்டுரையின் பிரதியை அங்கே ஏற்றியபோது அந்தப் பிரதிக்குக் கிடைத்த எண் அது. மாநாடு நடத்தியவர்கள் கொடுத்த எண் 10.1609 என்று தொடங்கி 13937 என்று முடிகிறது. அதைப் போட்டதும் கிராஸ்ரெஃப் வாய் திறந்தது.

அந்த 13937-க்கும் ஒரு கதை இருக்கிறது. 2009-இல் கட்டுரை வெளிவந்தபோது அதற்கு டிஓஐ எண்ணே கிடையாது. மாநாட்டுத் தளத்தில் 154 என்று முடியும் ஒரு வலைமுகவரி மட்டும்தான். பல வருடம் கழித்து, பழைய தொகுப்புகளைப் புதிய தளத்துக்கு மாற்றியபோதுதான் எண் ஒட்டினார்கள். இது போதாதென்று கெஃபியின் சொந்தத் தளத்திலும் அதே கட்டுரை ஒரு பிடிஎஃப் கோப்பாகக் கிடந்தது. ஆக, வீடு ஒன்று, வாசல் நான்கு. 2012-இல் யாராவது இந்தக் கட்டுரையை நண்பர்களுக்குப் பகிர்ந்திருந்தால், 154-ஐயோ பிடிஎஃப்பையோதான் ஒட்டியிருக்க முடியும். புதிய எண்ணை மட்டும் தேடும் கருவிக்கு அந்தப் பகிர்வு கண்ணில் படாது.

அதனால் எண்ணுவதை நிறுத்திவிட்டு முதலில் ஒரு மாற்றுப்பெயர்ப் பட்டியல் தயார் செய்தோம். ஒரு சிஎஸ்வி கோப்பு. இடது பக்கம் கட்டுரையின் அடையாளம், வலது பக்கம் அதற்கு உலகில் வழங்கும் எல்லா முகவரிகளும். பாதுகாப்புக் குறியுள்ள முகவரி, இல்லாத முகவரி, முன்னால் மூன்று டபிள்யூ உள்ளது, இல்லாதது என்று எல்லாம் தனித்தனி. இந்த ஒரு கோப்புக்கு மட்டும் இரண்டு நாள் போனது. வேறு எதற்கு நேரம் போனதைப் பற்றியும் எனக்கு வருத்தம் உண்டு, இதற்கு இல்லை.

பிறகு வந்த இரண்டு பிழைகளும் அற்பமானவை, ஆனால் எண்ணிக்கையையே புரட்டிவிட்டன. ஒன்று, வாக்கியத்தின் கடைசியில் டிஓஐ எண் வந்தால் எண்ணைத் தேடிப் பிடிக்க நான் எழுதிய ஒழுங்குக்கோவை முற்றுப்புள்ளியையும் சேர்த்து விழுங்கிவிட்டது. 13937 ஒரு கட்டுரை, புள்ளி வைத்த 13937 இன்னொரு கட்டுரை என்று நிரல் நினைத்துக்கொண்டது. இரண்டாவது, டிஓஐ எண்ணில் பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் வித்தியாசம் கிடையாது. என் நிரலுக்கு இருந்தது. எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கி, வாலில் ஒட்டிய புள்ளி, காற்புள்ளி, அடைப்புக்குறி மூன்றையும் சீவிவிட்டு மறுபடி ஓட்டினேன். வரிசைகள் குறைந்தன. தம்பிக்கு முகம் வாடிவிட்டது. இரட்டைப் பதிவு போனதற்கு வருத்தப்படாதே என்று டீ வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது.

அடுத்தது விக்கிப்பீடியா. இரண்டு கேள்வி: எந்தெந்தப் பக்கங்கள் இந்தக் கட்டுரையைச் சான்றாகக் காட்டுகின்றன, கெஃபி பற்றிய பக்கத்தை எத்தனை பேர் பார்க்கிறார்கள். முதல் கேள்விக்கு வெளியிணைப்புத் தேடல் இருக்கிறது, மாற்றுப்பெயர்ப் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் போட்டால் பக்கங்கள் வருகின்றன. நான் யார் என்று சொல்லாமல் நிரலை ஓட்டியதால் முதலில் 403 கொடுத்துத் துரத்தினார்கள். வேண்டுகோளின் தலைப்பில் நிரலின் பெயரும் தொடர்பு மின்னஞ்சலும் வைத்ததும் உள்ளே விட்டார்கள். நியாயம்தான். முகம் காட்டாமல் வருகிறவரை நான்கூட நூலகத்துக்குள் விடமாட்டேன்.

இரண்டாவது கேள்வியில்தான் ஒரு வாரம் மாட்டிக்கொண்டேன். விக்கிமீடியாவின் பக்கப்பார்வை ஏபிஐ 2015 ஜூலை முதலான எண்களைத் தருகிறது. தேடுபொறி எந்திரங்களை ஒதுக்கி, மனிதர்கள் பார்த்ததை மட்டும் கேட்கலாம். தினமும் காலை ஆறு மணிக்கு முந்தைய நாள் எண்ணை எடுத்து வைக்கும்படி, குறித்த நேரத்தில் நிரலைத் தானாக ஓட்டும் கிரானில் போட்டேன். ஒரு வாரம் கழித்துக் கோப்பைத் திறந்தால் வரிசையாகச் சைபர். கெஃபி பக்கத்தை ஒரு வாரமாக உலகில் ஒருவர்கூடப் பார்க்கவில்லையா? நடக்காத காரியம்.

இங்கே இரண்டு தவறு ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருந்தது. அவர்களுடைய நாள் உலகப் பொது நேரப்படி முடிகிறது. நமக்கு அது விடியற்காலை ஐந்தரை. ஆறு மணிக்குக் கேட்டால் முந்தைய நாள் கணக்கு முடிந்து அரை மணி நேரம்தான் ஆகியிருக்கும், எண்கள் இன்னும் ஏறியிருக்காது. ஏறாத நாளுக்கு ஏபிஐ 404 என்கிறது. யாருமே பார்க்காத நாளுக்கும் அதே 404 வரலாம். என் நிரலோ 404 வந்தால் சைபர் என்று எழுதிக்கொண்டது. 'தெரியவில்லை' என்பதை 'இல்லை' என்று எழுதியது என் தவறு. எண்ணுகிற வேலையில் இதைவிடப் பெரிய பாவம் எனக்குத் தோன்றவில்லை. இப்போது இரண்டு நாள் பின்தங்கியே கேட்கிறேன், 404 வந்தால் அந்த இடத்தைக் காலியாக விட்டு, மறுநாள் மறுபடி கேட்கிறேன். பெயர் மாற்றித் திசைதிருப்பிவிடும் பக்கங்களின் பார்வைகளை அந்த ஏபிஐ தனியாக எண்ணுகிறது. அவற்றைக் கூட்டும் வேலை இன்னும் பாக்கி.

சமூக ஊடகத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ட்விட்டரின் இலவச ஏபிஐ 2023-இல் மூடப்பட்டது. அதே வருடம் கிராஸ்ரெஃப், இணையத்தில் கட்டுரைகள் எங்கே பேசப்படுகின்றன என்று சேகரித்த தன் நிகழ்வுத் தரவிலிருந்து ட்வீட்களை எடுத்துவிட்டது. அதற்கு முன்பே, ஆய்வாளர்கள் கட்டுரைகளைச் சேமித்துப் பகிர்ந்த கனோட்டியா 2013-இலும் சைட்யூலைக் 2019-இலும் போய்ச் சேர்ந்தன. கூகுள் பிளஸும் 2019-இல்தான். 2009-இல் கெஃபியைப் பார்த்து யாராவது ஆச்சரியப்பட்டிருந்தால் அந்த ஆச்சரியம் பெரும்பாலும் இடிந்துபோன கட்டடங்களில்தான் பதிவாகியிருக்கும்.

வண்ண வளையம் ஒன்றைப் பலர் பார்த்திருப்பார்கள். இதழ்த் தளங்களில் கட்டுரைக்குப் பக்கத்தில், நடுவில் ஓர் எண்ணோடு இருக்கும். ஆல்ட்மெட்ரிக் நிறுவனத்துடையது அது. மேற்கோளுக்கு வெளியே கிடைக்கும் கவனத்தை அளப்பதைக் குறிக்கும் 'ஆல்ட்மெட்ரிக்ஸ்' என்ற சொல்லை 2010-இல் ஜேசன் பிரீம் புழக்கத்தில் விட்டார், அடுத்த வருடம் யூவன் ஏடி இந்த நிறுவனத்தைத் தொடங்கினார். உலாவியில் ஒரு பொத்தானாக இழுத்துப் போட்டுக்கொண்டால், எந்தக் கட்டுரையின் பக்கத்திலும் அழுத்தி எண்ணைப் பார்க்கலாம். தம்பிக்கு அந்த வளையம் பிடித்துவிட்டது. "இதையே போட்டுடலாமேக்கா, கலரா இருக்கு."

போடலாம், ஆனால் நடுவில் இருக்கும் எண் வெறும் கூட்டல் இல்லை. செய்தி ஊடகத்தில் ஒரு முறை வந்தால் 8, வலைப்பதிவில் வந்தால் 5. விக்கிப்பீடியாவில் ஒரு பக்கத்தில் வந்தாலும் ஐம்பது பக்கத்தில் வந்தாலும் 3-தான். கட்டுரைகளைச் சேர்த்து வைக்கும் மென்டலி செயலியில் ஆயிரம் பேர் தங்கள் சேமிப்பில் வைத்திருந்தாலும் அது கணக்கில் சேராது. ஒரு நாளிதழ் போகிறபோக்கில் எழுதிய வரிக்கு 8. தினமும் ஆய்வகத்தில் திறந்து படிக்கிறவருக்குச் சைபர். செய்தியில் அடிபட்டதை அளக்க அது நல்ல கருவி. புழங்குவதை அளக்க அல்ல. மேலும் நிறுவனம் தரவு சேகரிக்கத் தொடங்கியது 2011-இல், கட்டுரை 2009-இல். மென்பொருள் வெளியான சூட்டில் கிடைத்த கவனம் வளையத்துக்குள் வரவே வராது.

இதே குழுவின் இன்னொரு கட்டுரையை வைத்து ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். கெஃபியில் புள்ளிகளைத் தள்ளியும் இழுத்தும் பரப்பி வைக்கிற ஃபோர்ஸ்அட்லஸ்2 என்ற முறையைப் பற்றி 2014-இல் பிளாஸ் ஒன் இதழில் எழுதினார்கள், டொமாசோ வென்டுரினியும் சேர்ந்து. அதற்கு முதல் நாளிலிருந்தே டிஓஐ எண் உண்டு. பிளாஸ் இதழ்கள் 2009 முதலே ஒவ்வொரு கட்டுரையின் பார்வை, பதிவிறக்கம் போன்றவற்றைக் கட்டுரைப் பக்கத்திலேயே காட்டுகின்றன. ஒரு பொத்தான் அழுத்தியதில் வேலை முடிந்தது. மென்பொருள் ஒன்றுதான். ஆனால் ஒன்றுக்குக் கதவு எண் பிறப்பிலேயே இருந்தது.

இதுவரை செய்ததெல்லாம் கட்டுரையைத் தேடியது. ஆனால் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் கட்டுரையைச் சொல்வதில்லை, பெயரைச் சொல்கிறார்கள். டெய்லர் வீடு மாதிரி. 2016-இல் ஜேம்ஸ் ஹோவிசனும் ஜூலியா புல்லார்டும் 90 உயிரியல் கட்டுரைகளை எடுத்து, அவற்றில் மென்பொருள் எப்படியெல்லாம் குறிப்பிடப்படுகிறது என்று படித்துப் பார்த்தார்கள். முறையான மேற்கோளோடு வந்த குறிப்புகள் 31 முதல் 43 சதவீதத்துக்குள்தான். மீதியெல்லாம் பெயர், பதிப்பு எண், வலைமுகவரி என்று வரிக்கு நடுவே போய்விடுகின்றன. எனவே யூரோப் பிஎம்சி களஞ்சியத்தின் முழுப்பாடத் தேடலுக்குப் போனோம். 'செய்முறைகள்' பகுதியில் மட்டும் ஒரு சொல் வருகிறதா என்று அங்கே கேட்க முடியும். உயிரியல், மருத்துவக் கட்டுரைகள்தான் அங்கே அதிகம். கெஃபியை நிறையப் பயன்படுத்துகிற சமூகவியல்காரர்கள் அதில் பெரும்பாலும் வரமாட்டார்கள். அதையும் குறித்துக்கொண்டோம்.

தம்பி வரிசை எண்ணைக் குலுக்கிப் போட்டுச் சில கட்டுரைகளை எடுத்து, இரண்டு பேரும் ஆளுக்குப் பாதியாகக் கண்ணால் படித்தோம். எந்த நிரலும் சொல்லாததை இந்தப் படிப்பு சொன்னது. சிலர் படத்தின் அடிக்குறிப்பில் மட்டும் கெஃபி என்று எழுதுகிறார்கள். சிலர் தளமுகவரியைப் போட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். சிலர் கெஃபிக்குச் சான்றாக ஃபோர்ஸ்அட்லஸ்2 கட்டுரையைக் காட்டுகிறார்கள். எழுத்துப்பிழையோடு எழுதுகிறவர்களும் உண்டு.

எழுத்துப்பிழையைப் பற்றி எங்கள் பக்கத்துக்காரர்கள் பேசக்கூடாது. நான் குடியிருக்கும் காலடிப்பேட்டைக்கும் காலடிக்கும் சம்பந்தமில்லை. 1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் பெயரில் நெசவாளர்களுக்காக உண்டான காலெட் பேட்டை, வாய்க்கு வாய் தேய்ந்து காலடிப்பேட்டை ஆகிவிட்டது. காலெட் என்று தேடுகிறவருக்கு எங்கள் தெரு கிடைக்காது. தண்டையார்பேட்டையை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். ஆனால் 600081 என்று எழுதினால் கடிதம் போய்ச் சேரும். டிஓஐ எண்ணின் அருமை அங்கேதான் எனக்குப் புரிந்தது. பின்கோடு எழுதாமலே கடிதம் போடுகிறவர்கள்தான் அதிகம் என்பதும் புரிந்தது.

பெயரை வைத்து எண்ணுவதிலும் வம்பு உண்டு. கெஃபி என்பதற்கு வேறு அர்த்தம் கிடையாது, தப்பித்தோம். வலையமைப்பு ஆய்வில் இன்னொரு பழைய மென்பொருள் பயெக், ஸ்லோவேனியாவின் பதகெல்யும் மிர்வாரும் 1996-இல் எழுதத் தொடங்கியது. ஸ்லோவேனிய மொழியில் பயெக் என்றால் சிலந்தி. ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று பொதுத் தேடலில் அந்தப் பெயரைப் போட்டோம். வீட்டு மூலையில் பிடித்த எட்டுக்கால் பூச்சிகளின் படங்களாக வந்து குவிந்தன. தம்பி ரசித்துப் பார்த்தார். நான் அந்த வரிசையை நீக்கிவிட்டேன்.

கணினித் துறைப் பையன் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "நெட்வொர்க்எக்ஸ் பதிவிறக்க எண்ணிக்கையைப் பாருங்க மேடம், கெஃபியெல்லாம் பக்கத்துலேயே வராது" என்றார். நெட்வொர்க்எக்ஸும் வலையமைப்பு ஆய்வுக்கானதுதான், பைத்தானில் சேர்த்துக்கொள்ளும் நிரல்தொகுப்பு. உண்மை, எண்ணிக்கை மலைக்க வைக்கும். ஆனால் பைத்தானில் செயற்கை நுண்ணறிவுக்கான பைடார்ச் நிறுவினால் நெட்வொர்க்எக்ஸ் கூடவே இறங்கும், அதைச் சார்ந்து எழுதியிருக்கிறார்கள். படங்களைக் கையாளும் சைக்கிட்-இமேஜ் நிறுவினாலும் அப்படியே. தக்காளி வாங்கினால் கொசுறாகக் கிடைக்கும் கறிவேப்பிலையை எண்ணி, ஊரே கறிவேப்பிலை தேடி அலைகிறது என்று சொல்ல முடியுமா? நல்ல மென்பொருள்தான், அதில் சந்தேகமில்லை. பதிவிறக்கத்தை அளவுகோலாக எடுக்க முடியாது, அவ்வளவுதான்.

கடைசியில் ஒரு பக்கம் எழுதினோம். மேற்கோள் எண்ணிக்கையைக் கிராஸ்ரெஃப், ஓப்பன்அலெக்ஸ், கூகுள் ஸ்காலர் மூன்றிலிருந்தும் எடுத்து, எடுத்த தேதியோடு தனித்தனியாகப் போட்டோம். மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. ஒவ்வொன்றும் எண்ணுகிற கூடை வேறு. சராசரி எடுக்கட்டுமா என்று தம்பி கேட்டார், கூடாது என்றேன். விக்கிப்பீடியா, முழுப்பாடத் தேடல், வண்ண வளையம் ஆகியவை அடுத்தடுத்த வரிகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது எதைப் பார்க்காது என்று ஒரு வரி. மொத்தம் என்று ஒரு கட்டம் வரைந்திருந்தார். அதை அழிக்கச் சொன்னேன்.

அச்செடுக்கும் முன் அவருடைய ஆய்வேட்டின் வரைவைப் புரட்டினேன். நான்காம் அத்தியாயத்தில் ஏலக்கூடத்தின் பெரிய வலைப்படம் இருந்தது. அதன் கீழே, "கெஃபி மென்பொருள் கொண்டு வரையப்பட்டது." அவ்வளவுதான். கட்டுரை பற்றி ஒரு சொல் இல்லை. மூன்று வாரமாக நாங்கள் தேடிக்கொண்டிருந்த ஆசாமிகளில் ஒருவர் என் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். காட்டியதும் தலையைச் சொறிந்தார். 10.13140-ஐ எடுத்துவிட்டு 13937-ஐப் போட்டார், பதிப்பு எண்ணையும் சேர்த்தார். "பழைய நம்பரையும் அடைப்புல போடட்டுமாக்கா?" என்றார். தேவையில்லை என்று சொல்ல வாயெடுத்து, சரி போடு என்றேன்.

ஆய்வுக் குழுக் கூட்டம் போன வியாழக்கிழமை நடந்தது. கேள்வி கேட்டவர் எங்கள் பக்கத்தை மேலோட்டமாகப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டு வலைப்படத்துக்குப் போனாராம். ஐஸ் ஃபேக்டரியின் புள்ளி மட்டும் ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று அரை மணி நேரம் கேட்டாராம். தம்பி இப்போது மறுபடி ஏலக்கூடத்துக்குப் போய் வருகிறார், விடியற்காலை மூன்று மணிக்கு.